பி1 படிக்கும் நர்ஸுகளுக்கு: சொல்லுக்கு ஒரு படிப்பு, இலக்கணத்துக்கு வேறு படிப்பு

ஜெர்மன் படிக்க என்னிடம் வரும் நர்ஸுகளிடம் முதலில் அவர்களுடைய நோட்டை வாங்கிப் பார்ப்பேன். ஏற்கெனவே வேறெங்கோ ஏ1, அதாவது தொடக்கநிலை, முடித்தவர்களின் நோட்டு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இடது பக்கம் ஜெர்மன் சொல், வலது பக்கம் தமிழ் அர்த்தம், நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. கடைசிப் பக்கங்களில், பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் அட்டவணை, கட்டம் கட்டி, ஹைலைட்டர் பூசி. சொல்லையும் வாசித்து வாசித்துப் படிப்பார்கள், அட்டவணையையும் அப்படியே. நர்சிங் காலேஜில் அனாட்டமி படித்த பழக்கம் அது. அப்புறம் ஒருநாள் வந்து, "மேம், அர்த்தம் எல்லாம் தெரியுது, வாயில வர மாட்டேங்குது" என்பார்கள்.

மூளை சொல்லை ஒரு வழியில் பிடித்து வைக்கிறது, வாக்கியம் கட்டும் பழக்கத்தை வேறொரு வழியில். இரண்டுக்கும் வேண்டிய தீனி வேறு. இரண்டையும் ஒரே மாதிரி படித்தால் ஒன்று பட்டினி கிடக்கும், பெரும்பாலும் இலக்கணம்தான்.

நான் சில வருடம் ஜெர்மனியில் முதியோர் வார்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது திருநெல்வேலியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். டூட்டி பார்த்துக்கொண்டே பி1, பி2 என்ற இடைநிலைத் தேர்வுகளை எழுதப்போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஜப்பானிய மொழி படிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஒன்று மட்டும்: ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், உச்சரிப்புக்கு இதை நம்பாதீர்கள். ஆடியோ கேளுங்கள்.

மூளையில் எங்கே, என்ன

ஹிப்போகேம்பஸ், பேசல் கேங்லியா என்ற மூளைப் பகுதிகளின் பெயர்களை நீங்கள் முதல் வருட அனாட்டமியிலேயே படித்திருப்பீர்கள். அவை மொழிக்கு என்ன செய்கின்றன என்பது சில நோயாளிகளின் கதைகளில் தெளிவாகத் தெரியும்.

1953 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக ஆபரேஷன் நடந்தது. வில்லியம் ஸ்கோவில் என்ற சர்ஜன் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ப்ரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி கோட்டுக்குள் வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், இப்படி ஒன்றைச் செய்ததே நினைவில்லை என்றார்.

நமக்கு முக்கியமானது இனிமேல்தான். மொலேசன் 2008-இல் இறக்கும்வரை ஆங்கிலம் நன்றாகவே பேசினார், வாக்கியம் உடையவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு ஆங்கிலத்தில் புதிதாகப் புழக்கத்துக்கு வந்த சொற்கள் அவரிடம் கிட்டத்தட்டச் சேரவே இல்லை. ஆக, புதுச் சொல் உள்ளே நுழைய ஹிப்போகேம்பஸ் வேண்டும். ஏற்கெனவே பழகிய மொழியில் வாக்கியம் ஓட அது வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிர் பக்கத்தில் ஒரு கதை உண்டு. இத்தாலியின் வெரோனாப் பகுதிப் பெண் ஒருவரைப் பற்றி ஆய்வாளர்கள் அல்யோத்தியும் ஃபாப்ரோவும் 1993-இல் எழுதினார்கள். வாழ்நாள் முழுக்க வீட்டில் பேசியது அந்த ஊர் வழக்கு, பள்ளியில் படித்த இத்தாலிய மொழியை அபூர்வமாகத்தான் பேசுவார். இடதுபக்க பேசல் கேங்லியாவில் பாதிப்பு ஏற்பட்டபின் தாய்மொழி வாயில் வரவில்லை, அபூர்வமாகப் பேசிய இத்தாலியன் வந்தது! முயன்று படித்த மொழி தகவலாக ஒரு பக்கம் இருந்ததால் தப்பியது, யோசிக்காமல் பேசிய மொழி பழக்கமாக இருந்ததால் அடிபட்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பழக்கம் என்று நான் சொல்வதற்குத் தமிழிலேயே எடுத்துக்காட்டு வேண்டுமா? 'மரம்' என்ற சொல்லோடு 'கு' சேர்த்துப் பாருங்கள். மரத்துக்கு. காடு என்றால் காட்டுக்கு. வீடு, வீட்டுக்கு. வண்டி என்றால் வண்டிக்கு, நடுவில் எதுவும் வராது. யாராவது உங்களுக்கு விதி சொல்லிக்கொடுத்தார்களா? பள்ளியில் சாரியை, ஒற்று இரட்டித்தல் என்று படித்திருக்கலாம், ஆனால் அதற்குப் பல வருடம் முன்பே சரியாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்த நினைவை நான் வகுப்பில் பழக்க நினைவு என்பேன், மற்றதைத் தகவல் நினைவு என்பேன். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் உல்மன் இந்தப் பிரிவினையை வைத்துத்தான் மொழியை விளக்குகிறார்: சொற்களும் விதிவிலக்குகளும் தகவல் நினைவில், விதிப்படி கட்டப்படுவது பழக்க நினைவில். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்பதில்லை, கோடு அவ்வளவு நேராக இல்லை என்பவர்கள் உண்டு. பாடம் நடத்துகிற எனக்கு இது போதுமான அளவு வேலை செய்கிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் வாசல். காதில் விழுந்ததைச் சில நொடி பிடித்து வைக்கும் செயல்நினைவு. ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்ச்சும் 1974-இல் விளக்கிய மாதிரியில் இதற்குள் ஓர் ஒலிப்பகுதி உண்டு. மனத்துக்குள் நாமே திருப்பிச் சொல்லிக்கொள்ளாவிட்டால் அதிலிருக்கும் ஒலி இரண்டு நொடி போலத்தான் நிற்கும். இந்தப் பகுதி கெட்டுப்போன ஓர் இத்தாலியப் பெண்ணை 1988-இல் ஆராய்ந்தார்கள். தெரிந்த இத்தாலியச் சொற்களை இரண்டிரண்டாக இணைத்து நினைவில் வைக்க அவரால் முடிந்தது. புதிதாக ரஷ்யச் சொல் ஒன்றைக் காதால் கேட்டுக் கற்க முடியவில்லை. தெரியாத ஒலிக்கோவை நிற்க இடமில்லாமல் விழுந்துவிட்டது.

வாசலில் நெரிசல் வேண்டாம்

வாசலில் ஆரம்பிப்போம். முதல் விதி, படிக்கும் அறையில் யாரும் பேசக்கூடாது. டிவி சீரியல், பாட்டு, பக்கத்து அறை அத்தையின் போன், எதுவானாலும் மனிதக் குரல் அந்த ஒலிப்பகுதிக்குள் தானாக நுழையும். பொருள் புரியாத மொழியாக இருந்தாலும் நுழையும், இது சோதித்துப் பார்த்த விஷயம். ஹாஸ்டலில் இருப்பவர்கள் மொட்டைமாடிக்குப் போங்கள். ஃபேன் சத்தம் பரவாயில்லை.

அடுத்தது நீளச் சொல். ஜெர்மன்காரர்கள் சொற்களை ஒட்டிக்கொண்டே போவார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு க்ராங்கன்-ஃபெர்ஸிஹருங்ஸ்-கார்ட. முதல் தடவை கேட்கும்போது நடுப்பகுதி காணாமல் போயிருக்கும். வாலிலிருந்து கட்டுங்கள்: கார்ட. ஃபெர்ஸிஹருங்ஸ்-கார்ட. அப்புறம் முழுதாக. ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு முன்னால் சேரும், பழகிய துண்டு பின்னால் இருக்கும், வாய் தெரிந்த இடத்தை நோக்கி ஓடும். சத்தமாகச் சொல்லவேண்டும். மனத்துக்குள் வாசித்த சொல்லைவிட வாய்விட்டுச் சொன்ன சொல் நன்றாக நிற்கிறது.

எண்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வார்டில் உயிர் போகிற விஷயம் இது. தமிழில் முப்பத்தைந்து என்று பத்து முன்னால் வரும். ஜெர்மனில் ஐந்து முன்னால் வரும்: ஃப்யூன்ஃப்-உண்ட்-ட்ரைஸிஹ். ஒரு பி.பி. அளவு, 135/85, அங்கே ஒலிக்கும் வரிசை நூறு, ஐந்து, முப்பது, அப்புறம் ஐந்து, எண்பது. கேட்கக் கேட்க எழுதினால் 153/58 என்று எழுதிவிடுவீர்கள். டூட்டி மாறும்போது ஹேண்டோவர் கொடுக்கிறவர் எட்டு நோயாளியின் அளவுகளை மூச்சு விடாமல் சொல்வார், உங்களுக்காக நிறுத்தமாட்டார்.

பயிற்சி இப்படி. தோழி ஒருத்தி எண்ணைச் சொல்ல வேண்டும், அது முடியும்வரை உங்கள் பேனா தாளைத் தொடக்கூடாது. முடிந்ததும் அதே எண்ணை ஜெர்மனில் திருப்பிச் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள். திருப்பிச் சொல்லும்போது ஒலி மறுபடி உள்ளே போய்ப் புதுப்பிக்கப்படுகிறது, எழுதுவதற்கு நேரம் கிடைக்கிறது. வார்டிலும் இதையே செய்யுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், அளவைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது நல்ல நர்ஸின் பழக்கம்தான். ஆள் இல்லாதபோது இங்கேயே உங்கள் வார்டில் சார்ட்டில் எழுதுகிற ஒவ்வொரு பி.பி.யையும் பல்ஸையும் மனத்துக்குள் ஜெர்மனில் சொல்லுங்கள். இதைத் தினமும் செய்கிறவர்கள் கேட்டல் தேர்வில் தேதி, மணி, போன் நம்பர் வரும் கேள்விகளை விடமாட்டார்கள்.

சொல்லுக்கு அட்டை

சொல் தகவல் நினைவுக்குப் போகிறது. அது வேகமாகக் கற்கும், ஒருமுறை கேட்டே பிடித்துக்கொள்ளவும் செய்யும். அதே வேகத்தில் நழுவவும் விடும். தடுக்க இரண்டு வழி: மூடிவைத்து நினைவிலிருந்து எடுப்பது, இடைவெளி விட்டு எடுப்பது.

2008-இல் கார்பிக்கி, ரோடிகர் என்ற இருவர் அமெரிக்க மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்னபிறகும் அதைத் திரும்பத் திரும்பக் கேள்வியாகக் கேட்டால், ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதம் நின்றது. சரியாகச் சொன்ன சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டு வாசிக்க மட்டும் விட்டால் 36 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களிடமே முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவும் ஏறக்குறைய ஒரே பதில், பாதி என்றார்கள். எந்தப் படிப்பு நிற்கும் என்பது படிக்கிறவருக்கே தெரிவதில்லை. நோட்டை வாசிக்கும்போது வருகிற 'இது தெரியுமே' என்ற சுகத்தை அதனால்தான் நான் நம்புவதில்லை.

ஆகவே நோட்டை மூடுங்கள், அட்டை எழுதுங்கள். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் பரப்பிய ஐந்து அறைப் பெட்டி இன்றும் நல்ல வழி. மெடிக்கல் ஷாப்பில் தூக்கிப்போடுகிற அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் நான்கு தடுப்பு வைத்தால் போதும். புது அட்டை முதல் அறையில், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும்: இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரம், ஐந்தாவது இரண்டு மாதம். தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். போனில் செய்ய விரும்பினால் ஆன்கி என்ற ஆப் இருக்கிறது, கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டில் இலவசம். ஆனால் போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பும் திறக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கரண்டி டேர் லோஃபல், முள்கரண்டி டீ காபல், கத்தி டாஸ் மெஸர். ஒரே சாப்பாட்டு மேசையில் ஆண், பெண், இரண்டுமில்லாதது. எல்லாவற்றையும் அஃறிணை என்று ஒதுக்கிவிட்டு வளர்ந்த நமக்கு இதில் காரணம் தேடிப் பயனில்லை. பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள், டேர், டீ, டாஸ் அதன் முதல் எழுத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். டாஸ் ஃபீபர், டீ வுண்ட, டேர் புல்ஸ் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் மூன்று நிற மையில் எழுதினால் நல்லது. 'உங்' என்று முடிகிற பெயர்ச்சொற்கள் டீ என்பது போன்ற சில விதிகள் உண்டு, அவை கிடைத்த இடத்தில் அட்டையை மிச்சம் பிடிக்கலாம்.

முன்பக்கத்தில் தனித் தமிழ்ச் சொல்லை எழுதுவதைவிட ஒரு சூழலை எழுதுங்கள். 'வலி' என்பதற்குப் பதில் 'வலிக்கிறதா என்று பாட்டியிடம் கேட்க வேண்டும்'. பின்பக்கம், ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன்? 'இதோ வந்துவிடுகிறேன்' என்பதற்கு இஹ் கொம்ம க்ளைஹ் வீடர். இப்படி முழு வாக்கியத்தையே ஒரு சொல்போல விழுங்கி வைத்தால், தேர்வறையில் பதற்றம் வந்து செயல்நினைவு சுருங்கும்போது அவைதான் வெளியே வரும். ஜெர்மனியில் முதல் மாதத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வாக்கியங்களை வைத்துத்தான் ஓட்டினார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை? டூட்டி உள்ள நாள் எட்டு, ஆஃப் நாள் பதினைந்துக்கு மேல் வேண்டாம். இன்று போடுகிற பதினைந்தும் அடுத்த வாரம் மறுபார்வைக்கு வந்து நிற்கும் என்பதை மறந்துவிட்டு, முப்பது நாற்பது என்று போட்டுக்கொண்டு இரண்டாவது வாரம் பெட்டியையே திறக்காமல் விடுகிறவர்கள் ஏராளம்.

தூக்கம் பற்றி நர்ஸுகளிடம் பேசுவது கொடுமைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். டூமே, கேஸ்கல் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் இல்லாத ஆங்கிலச் சொற்களை உருவாக்கிக் கற்பித்தார்கள். காலையில் கற்று அன்று மாலை சோதித்தவர்களுக்கு அந்தச் சொல் நினைவிருந்தது, ஆனால் மூளையில் இருக்கும் மற்றச் சொற்களோடு இன்னும் சேரவில்லை. மாலையில் கற்றுத் தூங்கி எழுந்தவர்களுக்குச் சேர்ந்திருந்தது. இரண்டு குழுவுக்கும் இடைவெளி ஒரே அளவுதான், நடுவில் தூக்கம் இருந்ததா என்பதுதான் வேறுபாடு. நைட் டூட்டி முடித்து வருகிறவர்கள் குளித்து, சாப்பிட்டு, படுப்பதற்கு முன் பத்து நிமிடம் புது அட்டைகளைப் பாருங்கள். எழுந்ததும் மறுபடி ஒரு பத்து நிமிடம். டூட்டியின் நடுவில் இரண்டு மணிக்குக் கண் சொருகும்போது படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அப்போது டீ குடியுங்கள்.

இலக்கணத்துக்கு வாய்

பழக்க நினைவு மெதுவானது. விளக்கம் அதற்குப் புரியாது, எத்தனை தடவை செய்தோம் என்பதுதான் கணக்கு. நோல்ட்டன், ராமுஸ், ஸ்க்வையர் மூவரும் 1992-இல் செய்த சோதனை ஒன்று: ஒரு மறைவான விதிப்படி அடுக்கிய எழுத்துக்கோவைகளை நினைவிழந்த நோயாளிகளுக்குக் காட்டினார்கள். பிறகு புதுக் கோவைகளைக் காட்டி, எது விதிப்படி இருக்கிறது என்று கேட்டபோது, மற்றவர்கள் அளவுக்கே அவர்களும் சரியாகப் பிரித்தார்கள். முன்பு பார்த்த கோவைகளை அடையாளம் காண்பதில்தான் பின்தங்கினார்கள். ஒழுங்கைப் பிடிப்பதற்கு அதைப் பார்த்த ஞாபகம்கூடத் தேவைப்படவில்லை.

இதில் தமிழருக்கு ஓர் அனுகூலமும் ஓர் இடைஞ்சலும் உண்டு. 'வைல்', அதாவது ஏனென்றால், என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும்: இஹ் பின் ம்யூட, வைல் இஹ் நாஹ்ட்டீன்ஸ்ட் ஹாட்ட. 'எனக்கு நைட் டூட்டி இருந்தது' என்று நாம் எங்கே வைப்போமோ அங்கேயேதான் 'ஹாட்ட' வருகிறது. ஆங்கிலத்தின் வழியாக யோசிக்கிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். தமிழின் வழியாக யோசியுங்கள், பாதி வேலை முடிந்தது. இடைஞ்சல் முதன்மை வாக்கியத்தில். அங்கே வினை இரண்டாம் இடத்தில் அசையாமல் நிற்கும். 'இன்று' என்று தொடங்கினால் அடுத்து வினை, அப்புறம்தான் 'நான்': ஹொய்ட்ட கேய இஹ். விதி ஒரே வரிதான், எல்லோருக்கும் தெரியும். வாய் மட்டும் 'ஹொய்ட்ட இஹ்' என்று போய்விடும்.

இதற்கு அட்டை எழுதாதீர்கள். ஒரே வாக்கியச் சட்டகத்தை எடுத்து, நின்றுகொண்டு, சொல்லை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். இன்று போகிறேன், நாளை போகிறேன், திங்கட்கிழமை போகிறேன், எட்டு மணிக்குப் போகிறேன், டூட்டி முடிந்து போகிறேன். நேரம் மாறட்டும், ஆள் மாறட்டும், வினை மாறட்டும், இடம் மட்டும் மாறக்கூடாது. ஒரு சட்டகத்துக்கு ஒரு வாரம், தினம் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மொத்தமாக உட்கார்ந்தால் ஈடாகாது. சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். சட்டகம் படிந்தபிறகு பழைய சட்டகங்களோடு கலந்து செய்யுங்கள், முதல் நாளே கலக்காதீர்கள்.

பிழையை அந்த நொடியே திருத்த ஓர் ஆள் வேண்டும். ஃபோர்டேயும் ஷோஹாமியும் 2011-இல் காட்டியது இது: சரியா தவறா என்ற விடை உடனே கிடைத்தால் பேசல் கேங்லியாவின் பகுதி வேலை செய்கிறது, சில நொடி தாமதித்தாலே வேலை ஹிப்போகேம்பஸுக்குப் போகிறது. அவர்கள் செய்தது இலக்கணச் சோதனை அல்ல, படம் பார்த்து ஊகிக்கும் சோதனை. ஆனாலும் நான் வகுப்பில் இதை வைத்துத்தான் முடிவெடுக்கிறேன். வீட்டுப்பாட நோட்டில் மறுநாள் சிவப்பு மை போடுவதை விட்டுவிட்டேன். இருவர் இருவராக நிறுத்தி, ஒருத்தி சொல்ல, வினை இடம் மாறினால் மற்றவள் மேசையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். விளக்கக்கூடாது. சொன்னவளே திருத்திக்கொள்வாள். ஜோடி கிடைக்காதவர்கள் விடை ஒலிப்பதிவோடு வரும் பயிற்சிகளைத் தேடுங்கள்.

இறந்தகால வினைகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. மாஹன் என்பது கெமாஹ்ட், கௌஃபன் என்பது கெகௌஃப்ட். முன்னால் 'கெ', பின்னால் 'ட்'. இது வாய்ப்பயிற்சிக்கு. ஆனால் கேயன் என்பது கெகாங்கன், ஷ்ப்ரெஹன் என்பது கெஷ்ப்ரொஹன் என்று தன் இஷ்டத்துக்கு மாறுகிறவை அட்டைப்பெட்டிக்கு. உல்மன் சொல்லும் பிரிவினையை இதைவிட நேரடியாகப் பயன்படுத்த எனக்கு வேறு இடம் கிடைத்ததில்லை. நோட்டில் எல்லா வினையும் ஒரே அட்டவணையில் கிடந்தால் இரண்டும் குழம்பும்.

பேச்சு ஓட

பி1 பேச்சுத்தேர்வில் ஜோடியாக ஒன்றைத் திட்டமிட வேண்டும், ஒரு தலைப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், மற்றவர் பேசியதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். தனியாகப் பேசும் பகுதிக்கு மொழி ஆசிரியர்களிடையே 4/3/2 என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம். சொல்ல வேண்டியது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் கவனம் எல்லாம் வாய்க்குக் கிடைக்கிறது. ஆள் மாறுவது முக்கியம், கேட்டவரிடமே மறுபடி சொல்ல யாருக்கும் உற்சாகம் வராது. இந்த நேரத்தில் யாரும் திருத்தக்கூடாது, மேசை தட்டுவதற்கு வேறு நேரம் இருக்கிறது.

கோத்தே இன்ஸ்டிட்யூட் நடத்தும் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் போனால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். என்னிடம் வருகிறவர்களில் வாசித்தலில் 85 வாங்கிப் பேச்சில் தவறியவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் நோட்டுக்காரர்கள். அவர்களுக்கு நான் புதுச் சொல்லே கொடுப்பதில்லை. தெரிந்த சொற்களை வைத்து வாய்ப்பயிற்சி மட்டும்.

விசாவுக்குக் காத்திருக்கும்போது

பரீட்சை முடிந்தபிறகு ஆவணங்கள், அங்கீகாரம், விசா என்று மாதங்கள் போகும். அந்த நேரத்தில் ஜெர்மனை மூடி வைத்துவிட்டுக் கல்யாண வீடு, ஊர் கோயில் கொடை என்று இருந்துவிட்டு, விமானம் ஏறும் வாரத்தில் "மேம், எல்லாம் மறந்துபோச்சு" என்று போன் செய்வார்கள். ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் மனைவி, இரண்டு மகள்களோடு சேர்ந்து தங்கள் மேலேயே சோதனை செய்துகொண்டார், 1993-இல் வெளியானது. 300 அந்நியச் சொற்கள். 56 நாளுக்கு ஒருமுறையாக 13 தடவை படித்த சொற்கள், 14 நாளுக்கு ஒருமுறையாக 26 தடவை படித்தவை நின்ற அளவுக்கு நின்றன. சொல்லைப் பொறுத்தவரை காத்திருக்கும் மாதங்களில் ஐந்தாவது அறையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும் என்று தைரியமாகச் சொல்வேன். வாய்க்கு இது போதாது. வாரம் ஒருநாள் உடன் படித்தவளுக்குப் போன் செய்து அரை மணி ஜெர்மனில் பேசுங்கள், நாத்தனாரைப் பற்றிய புகாரானாலும் சரி.

மறந்தே போயிருந்தாலும் ஏ1 புத்தகத்தின் முதல் பாடத்துக்குப் போகாதீர்கள். ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் தன்மேலேயே செய்து 1885-இல் வெளியிட்ட சோதனைகளில் அளந்தது எவ்வளவு நினைவிருக்கிறது என்பதை அல்ல, மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. பொருளற்ற அசைகளிலேயே ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சமானது. அவர் படித்தது பொருளில்லாத அசைகள், நீங்கள் படித்தது தினமும் நோயாளியிடம் கேட்கப்போகிற கேள்விகள். பெட்டியை எடுத்து எல்லா அட்டையையும் ஒருமுறை புரட்டுங்கள். வராதவற்றை மட்டும் முதல் அறையில் போட்டு, பத்து நாள் தினமும் பாருங்கள். மாலையில் பி.பி. எண்கள், 'வைல்' சட்டகம், 'ஹொய்ட்ட' சட்டகம். ஏஜென்சிக்காரர்கள் இந்தச் சமயத்தில் ரிஃப்ரெஷர் கோர்ஸ் என்று ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு நடத்துவார்கள். அதற்குப் பணம் கட்டுவதற்குமுன் இந்தப் பத்து நாளைச் செய்து பாருங்கள்.